இல்லாத விலங்குகளும் இருக்கும் பறவையும்

மாணவர்களே, உடையில் பையே இல்லாத ஒரு காலத்தை நினைத்துப் பாருங்கள். பணம், மருந்து, புகையிலை இவற்றையெல்லாம் எதில் எடுத்துப் போவது? நம் தாத்தாக்கள் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்கள். பாட்டிமார்கள் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். சிலர் இடுப்பில் சுருக்குப்பை வைத்திருந்தார்கள். ஜப்பானில் எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, ஆண்கள் வேறொரு வழி கண்டார்கள். கிமோனோவுக்குப் பை கிடையாது. ஆனால் இடுப்பை இறுகச் சுற்றிய அகலமான துணிப்பட்டை உண்டு. அதன் பெயர் ஓபி. ஒரு சிறிய மருந்து டப்பியையோ புகையிலைப் பையையோ பட்டுக் கயிற்றில் கட்டி, கயிற்றை ஓபிக்குப் பின்னால் கீழிருந்து மேலே விட்டு, மேல் முனையில் ஒரு சிறு பொருளை முடிந்துவிட்டார்கள். அந்தச் சிறு பொருள்தான் நெட்சுக்கே.

இதில் உள்ள இயற்பியல் எளிது. டப்பியின் நிறை 100 கிராம் என்றால், அது கயிற்றை ஏறக்குறைய 1 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கும். மேல் முனையில் ஒன்றும் இல்லாவிட்டால் கயிறு உருவிக்கொண்டு போய்விடும். ஓபிக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பொருள் ஒன்று மேலே இருந்தால், அது ஓபியின் விளிம்பில் தட்டி நிற்கும். சட்டைப் பொத்தான் துளையில் மாட்டி நிற்பதும் இதே கணக்குதான். உராய்வும் கொஞ்சம் உதவும்.

ஆக, நெட்சுக்கே செய்பவருக்குச் சில கட்டாயங்கள் இருந்தன. பொருள் கைக்குள் அடங்க வேண்டும். பெரும்பாலும் 3 முதல் 5 சென்டிமீட்டர். கயிறு நுழைய இரண்டு துளைகள் வேண்டும். முடிச்சு உள்ளே மறைய ஒரு துளை பெரிதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீட்டிக்கொண்டு நிற்கும் பகுதி எதுவும் இருக்கக்கூடாது. கூரிய கொம்போ மெல்லிய வாலோ பட்டுத் துணியில் மாட்டிக் கிழிக்கும், இல்லையென்றால் உடைந்துவிடும். அதனால்தான் பழைய நெட்சுக்கே விலங்குகள் எல்லாம் வாலைச் சுருட்டி, காலை மடக்கி, கழுத்தைத் திருப்பி ஒரு கூழாங்கல்போல உட்கார்ந்திருக்கும். துளை போடக்கூடத் தனி இடம் தேடாமல், மடக்கிய காலுக்கும் வயிற்றுக்கும் இடையில் இயல்பாக வரும் சந்தையே துளையாக்கிய கலைஞர்கள் உண்டு. திறமையைக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம்.

விலங்குகள் என்றேன். எலி, முயல், குரங்கு என்று நாம் அறிந்தவை நிறைய உண்டு. ஆனால் சேகரிப்பாளர்கள் மிகவும் தேடுவது உலகத்தில் இல்லாத விலங்குகளை: கடல்நாகம், நீரில் வாழும் கப்பா, நீண்ட மூக்குள்ள தெங்கு, ஒற்றைக்கொம்பு கிரின், கனவு தின்னும் பாக்கு. ஓசாகா நகரில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓவியர் யோஷிமுரா ஷூசான் இத்தகைய உருவங்களை மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டினார். பழைய சீன நூல்களில் வரும் விசித்திரப் பிறவிகள் அவருக்கு மாதிரி. தம் பெயரை அவர் எதிலும் பொறிக்கவில்லை. ஆயினும் 1781-இல் ஓசாகாவைச் சேர்ந்த இனாபா ட்சூர்யூ வெளியிட்ட நூலில் நெட்சுக்கே கலைஞர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் ஷூசானுக்குச் சிறப்பிடம் உண்டு.

யாளியின் உறவுக்காரர்கள்

இல்லாத விலங்கு நமக்குப் புதிதல்ல. கோயில் தூண்களில் யாளியைப் பார்த்திருப்பீர்கள். சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். தமிழ்நாட்டில் சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும். விரலால் தள்ளினால் உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாது. ஜார்ஜ்டவுனில் சீனக் கோயில்களின் வாசலில் நிற்கும் கல் சிங்கங்களின் வாயையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். சிலவற்றில் அதே உருண்டை இருக்கும். ஜப்பானில் இந்தச் சிங்கத்தின் பெயர் ஷிஷி. கட்டைவிரல் அளவே உள்ள ஷிஷி நெட்சுக்கேயின் வாய்க்குள்ளும் உருண்டை உருளும்.

உருண்டை உள்ளே எப்படிப் போனது? போகவே இல்லை. முழுக் கட்டியாக இருந்தபோதே பற்களின் இடைவெளி வழியே உளியை விட்டு, உள்ளே இருந்த பொருளைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, கடைசியில் உருண்டையை வாயிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். உருண்டையின் விட்டம் பல் இடைவெளியைவிடப் பெரிதாக இருப்பதால் வெளியே வராது. கல்லில் செய்தாலும் தந்தத்தில் செய்தாலும் முறை ஒன்றே. சோப்புக் கட்டியில் முயன்று பாருங்கள். இரண்டு கட்டியாவது வீணாகும், பரவாயில்லை.

கற்பனை விலங்குகளில் ஒன்று உண்மை விலங்காக வந்து நின்ற கதை உண்டு. சீனர்களின் சிலின், ஜப்பானியரின் கிரின்: மான் உடல், செதில் தோல், நல்லாட்சி நடக்கும்போது மட்டுமே தோன்றுமாம். 1414-இல் வங்காள ஆட்சியாளர் சீன மிங் பேரரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியை அனுப்பினார். அரண்மனையில் அதைப் பார்த்தவர்கள் சிலின் வந்துவிட்டது என்றார்கள். இன்றும் ஜப்பானிய மொழியில் ஒட்டகச்சிவிங்கியின் பெயர் கிரின்தான்.

பாக்குவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. யானைத் துதிக்கை, காண்டாமிருகக் கண், மாட்டு வால், புலிக் கால். மற்ற விலங்குகளைப் படைத்து முடித்தபின் மிஞ்சிய உறுப்புகளை ஒட்டி உண்டாக்கியது என்று கதை. கெட்ட கனவு கண்டு விழிக்கும் குழந்தை பாக்குவைக் கூப்பிட்டால் அது வந்து கனவைத் தின்றுவிடும். நெட்சுக்கே பாக்குவுக்கு யானைத் துதிக்கையும் சுருண்ட பிடரி மயிரும் இருக்கும். பார்த்தவுடன் நம் யாளியின் தம்பி என்றுதான் சொல்லத் தோன்றும்.

இப்போது நம் காட்டுக்கு வருவோம். மலாயில் தெனுக் அல்லது சிப்பான் என்று அழைக்கப்படும் விலங்கு உங்களுக்குத் தெரியும். முன்பாதி கறுப்பு, நடு உடல் வெள்ளை, மேலுதடும் மூக்கும் சேர்ந்து நீண்ட குட்டித் துதிக்கை. அறிவியல் உலகம் இதைத் தாப்பிர் என்கிறது. ஜப்பானிய மொழியில் தாப்பிருக்குப் பெயர் என்ன தெரியுமா? பாக்கு! மேலைநாட்டு விலங்கியல் ஜப்பானுக்கு வந்தபின், துதிக்கையுள்ள இந்த விலங்குக்குப் பழைய கதையின் பெயரையே வைத்துவிட்டார்கள். தாப்பிர் கனவு தின்பதில்லை. இளந்தளிர், கிளை, உதிர்ந்த பழம் இவைதான் அதன் உணவு. அது யானைக்கும் பன்றிக்கும் உறவல்ல. குதிரையும் காண்டாமிருகமும் அடங்கிய ஒற்றைப்படைக் குளம்பிகள் வரிசையைச் சேர்ந்தது. அப்படியிருந்தும் அதன் முன்காலில் 4 விரல்கள், பின்காலில் 3. வரிசையின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

இதே தாப்பிர் ஐரோப்பிய அறிஞர்களையும் தடுக்கி விழ வைத்தது. பெரிய நான்குகால் விலங்கு எதுவும் இனிப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வாய்ப்பில்லை என்று புகழ்பெற்ற பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1812-இல் எழுதினார். தாப்பிர் அமெரிக்காவில் மட்டுமே உண்டு என்பது அன்றைய நம்பிக்கை. மலாக்காவில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்குவார் 1816-இல் இங்குள்ள தாப்பிரைப் பற்றிக் குறிப்பெழுதி வங்காளத்து ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார். 1819-இல் டெமரே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். காட்டோர மக்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த விலங்கு அது!

எதில் செதுக்கினார்கள்?

இதுவரை உருவத்தைப் பார்த்தோம். அறிவியல் மாணவர்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, இந்த உருவம் எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்பது. உருவம் கற்பனையாக இருக்கலாம். பொருள் கற்பனையாக இருக்க முடியாது. அது ஏதோ ஒரு மரத்தின் அல்லது விலங்கின் உடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மிகுதியான நெட்சுக்கே மரத்தால் ஆனவை. மான்கொம்பு, காட்டுப்பன்றியின் கோரைப்பல் ஆகியவையும் ஜப்பானிலேயே கிடைத்தன. இவாமி வட்டாரத்தில் வாழ்ந்த தோமிஹாரு பன்றிப் பல்லில் செதுக்கியே பெயர் பெற்றார். யானை ஜப்பானில் இல்லை. தந்தம் கப்பலில்தான் வந்தது. ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியை மீட்டும் அகன்ற தகட்டைத் தந்தத்தில் செய்தபின் மிஞ்சிய முக்கோணத் துண்டுகள் நெட்சுக்கே செதுக்குபவர்களிடம் போயின. சில நெட்சுக்கே முக்கோண வடிவில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தந்தம் என்பது என்ன? தொடக்கப்பள்ளியில் வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று படித்தீர்கள் அல்லவா? யானையின் தந்தம் மேல்தாடையின் வெட்டுப்பல். அதன் பெரும்பகுதி பல்திசு. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅப்படைட் என்ற கனிமமும், கொலாஜன் என்ற புரதமும் கலந்து உருவானது. கனிமம் கடினத்தைத் தருகிறது. புரதம் நொறுங்காமல் காக்கிறது. சிமெண்டும் இரும்புக் கம்பியும் சேர்ந்த தூணைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நுணுக்கமாகச் செதுக்கியும் உடையாததற்கு இந்தக் கூட்டணிதான் காரணம். மலேசிய அரசு 2016 ஏப்ரலில் கைப்பற்றி வைத்திருந்த 9.5 டன்னுக்கும் மேற்பட்ட தந்தத்தை நெகிரி செம்பிலானில் எரித்து அழித்தபோது சாதாரண விறகுத் தீ போதாமல் கழிவு எரிக்கும் உலை தேவைப்பட்டது. புரதம் எரியும். கனிமம் எரியாது, சாம்பலாக நிற்கும்.

பல்திசுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அலை அலையாக ஓடுகின்றன. யானைத் தந்தத்தைக் குறுக்காக வெட்டி மெருகேற்றினால், இரண்டு திசைகளில் வளைந்து செல்லும் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது தெரியும், பாய் பின்னலைப்போல. ஜெர்மானிய அறிஞர் ஷ்ரேகர் 1800-இல் இதை விவரித்ததால் ஷ்ரேகர் கோடுகள் என்று பெயர். இந்தக் கோடுகள் யானையிலும் அதன் அழிந்துபோன உறவினமான மாமதத்திலும் மட்டுமே இப்படித் தெரியும். பன்றிப் பல்லில் கிடையாது, எலும்பில் கிடையாது, பிளாஸ்டிக்கிலும் கிடையாது.

இரண்டில் எது யானை, எது மாமதம்? இங்கே உங்கள் கோணமானிக்கு வேலை வருகிறது. தந்தத்தின் வெளி விளிம்பை ஒட்டிக் கோடுகள் வெட்டும் கோணத்தை அளக்க வேண்டும். 115 பாகைக்கு மேற்பட்ட விரிகோணம் என்றால் இன்றைய யானை. 90 பாகைக்குக் குறைந்த குறுங்கோணம் என்றால் மாமதம். இடைப்பட்ட கோணங்கள் இரண்டிலும் வரும். அதனால் ஒரே ஓர் அளவை நம்பாமல் பல இடங்களில் அளந்து சராசரி எடுப்பார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள வனவிலங்குத் தடயவியல் ஆய்வகத்தார் 1990-களின் தொடக்கத்தில் வகுத்த முறை இது. குற்றவியல் ஆய்வகம் என்றால் விலையுயர்ந்த கருவிகள் என்றுதான் நினைப்போம். ஒரு பூதக்கண்ணாடியும் கோணமானியும் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

மாமதத் தந்தத்தில் இன்றும் நெட்சுக்கே செதுக்குகிறார்கள். சைபீரியாவின் உறைந்த மண்ணிலிருந்து தோண்டியெடுக்கும் அதன் வணிகத்துக்குப் பல நாடுகளில் தடையில்லை. சிக்கல் என்னவென்றால், யானைத் தந்தத்தை மாமதத் தந்தம் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. கோணமானி ஏன் தேவை என்று இப்போது புரியும்.

மற்றவற்றை எப்படி அடையாளம் காண்பது? எலும்பில் இரத்தக் குழாய்கள் சென்ற நுண்துளைகள் சிறு கரும்புள்ளிகளாகத் தெரியும். தென் அமெரிக்கப் பனை வகை ஒன்றின் காய்ந்த விதை தந்தம்போலவே வெள்ளையாக, கடினமாக இருக்கும். அதைத் தாவரத் தந்தம் என்பார்கள். உருப்பெருக்கிப் பார்த்தால் தாவரச் செல்களின் வரிசை தெரியும். கடைகளில் ரிங்கிட் தாளைச் சோதிக்கும் புறஊதா விளக்கின் கீழே உண்மைத் தந்தம் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். பல பிளாஸ்டிக் வகைகள் மங்கலாகவே இருக்கும். அந்த விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது: பிளாஸ்டிக் உருகும், தந்தம் உருகாது. இதைச் செய்யாதீர்கள். உங்கள் விரலுக்கும் ஆபத்து, 200 ஆண்டுப் பொருளாக இருந்தால் அதற்கும் கேடு.

மஞ்சளும் சிவப்புமாக ஒரு நெட்சுக்கே

அருங்காட்சியகங்களில் மிக அரிதாக வேறொரு வகை இருக்கும். தேன்போன்ற மஞ்சள் நிறம், ஓரத்தில் ஆரஞ்சுச் சிவப்பு. பல் அல்ல, அதனால் ஷ்ரேகர் கோடு இல்லை. கொம்பும் அல்ல. இது ஒரு பறவையின் தலையிலிருந்து வந்தது. அந்தப் பறவை ஜப்பானில் வாழவில்லை. தென் மியன்மார், தென் தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சுமத்திரா, போர்னியோ ஆகிய இடங்களின் காடுகளில்தான் வாழ்கிறது. கற்பனை விலங்கைச் செதுக்க நம் காட்டுப் பறவையின் தலை போயிருக்கிறது.

அது தலைக்கவச இருவாச்சி. இருவாச்சிகளை மலாயில் எங்காங் என்கிறோம். மலேசியாவில் 10 இனங்கள் உண்டு. சரவாக் மாநிலச் சின்னமான கெனியாலாங் வேறு இனம். அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இருவாச்சிகளின் அலகுக்கு மேலே ஒரு புடைப்பு இருக்கும். கெனியாலாங்கின் புடைப்பு பார்க்கப் பெரிதாக இருந்தாலும் உள்ளே வெறும் பஞ்சுபோன்ற எலும்பு. தலைக்கவச இருவாச்சிக்கு மட்டும் புடைப்பின் முன்பகுதி கெட்டியான திண்மம். பறவையின் எடை ஏறக்குறைய 3 கிலோகிராம். அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் அந்த மண்டையும் அலகும்தான்.

இந்தக் கவசம் எதற்கு? ஆண் பறவைகள் அத்திமரத்துக்கு அருகில் வானத்தில் எதிரெதிராகப் பறந்து வந்து கவசத்தோடு கவசத்தை மோதிக்கொள்ளும். மோதும் ஓசை காட்டில் தொலைவு வரை கேட்கும். இரண்டு பறவைகளும் மோதும்போது உந்தம் திடீரென மாறுகிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்க வெற்றுப் புடைப்பால் முடியாது.

கவசம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உங்கள் நகமும் முடியும் கெரட்டின்தான். தந்தத்தில் கனிமம் பெரும்பங்கு. இதில் கனிமம் இல்லை என்றே சொல்லலாம். கெரட்டின் இழைகளைக் கந்தக அணுக்கள் பாலம் போட்டதுபோல் ஒன்றோடொன்று இணைக்கின்றன. முடி கருகும்போது மூக்கைத் துளைக்கும் நாற்றம் வருகிறதே, அது அந்தக் கந்தகத்தின் வேலை. இந்தப் பொருள் தந்தத்தைவிட மென்மையானது, செதுக்க எளிது. சிவப்பு நிறம் கவசத்தில் பிறந்ததல்ல. வாலடிச் சுரப்பியில் ஊறும் நிற எண்ணெயைப் பறவையே தலையைத் திருப்பித் தேய்த்துக்கொள்கிறது. எனவே சிவப்பு மேலோட்டமாக மட்டும் இருக்கும், உள்ளே மஞ்சள். கலைஞர்கள் அந்தச் சிவப்பு ஓரத்தைச் செதுக்கி எறியாமல் விட்டுவைத்ததே இப்பொருளை அடையாளம் காணும் வழியாயிற்று.

சீனர்கள் இதை ஜப்பானியருக்கு முன்பே விரும்பினார்கள். மிங் காலத்திலேயே போர்னியோவிலிருந்து கப்பலில் போனது. கொக்கின் உச்சி என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். ஜப்பானில் நெட்சுக்கே செய்ய இது பயன்பட்டது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில்தான். 1868-க்குப் பின் ஜப்பானியர் மேலைநாட்டு உடைக்கு மாறினார்கள். உடைக்குப் பை வந்தது. நெட்சுக்கேயின் தேவை போயிற்று. அப்போதிலிருந்து வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள். எட்மண்ட் டி வால் என்ற ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் தம் குடும்பத்தில் கைமாறி வந்த 264 நெட்சுக்கேயின் கதையை 2010-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

ஆனால் கவச வணிகம் நெட்சுக்கேயோடு முடியவில்லை. 1975 முதல் தலைக்கவச இருவாச்சியின் அனைத்துலக வணிகத்துக்குத் தடை இருக்கிறது. இருந்தும் ஆடம்பரப் பொருளாகக் கவசத்தைத் தேடுவோர் பெருகியதால் யானைத் தந்தத்தைவிடப் பல மடங்கு விலை வந்தது. இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் மட்டும் 2013-இல் ஏறக்குறைய 6,000 பறவைகள் கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தப் பறவை அச்சுறுத்தலை நெருங்கும் இனம் என்ற படியில் இருந்தது. 2015-இல் மூன்று படிகள் ஒரேயடியாகத் தாண்டி மிக அருகிய இனம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த படி, காட்டில் அற்றுப்போனது.

ஏன் இவ்வளவு வேகம் என்பதற்கு அதன் வாழ்க்கை முறையே விடை. பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, மண்ணாலும் எச்சத்தாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு கீறல் மட்டும் திறந்திருக்கும். அந்தக் கீறல் வழியாக ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். ஏறக்குறைய 5 மாதம் பெண் வெளியே வராது. குஞ்சு ஒன்றே ஒன்று. இந்தக் காலத்தில் ஆண் பறவை சுடப்பட்டால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். வேடன் கணக்கில் ஒரு கவசம்; காட்டின் கணக்கில் மூன்று பறவைகள். தங்கத் தேவையான பொந்தும் எல்லா மரத்திலும் கிடைக்காது. வயதான பெரிய மரம், அதில் உட்காரக் குமிழ்போன்ற புடைப்புள்ள பொந்து வேண்டும். காட்டில் முதலில் வெட்டப்படுவது அத்தகைய பெரிய மரங்கள்தான்.

இப்போது பழம்பொருள் என்று எழுதி விற்கப்படும் ஒரு நெட்சுக்கேயை நினைத்துப் பாருங்கள். அது உண்மையில் எடோ காலத்ததா, அல்லது பத்தாண்டுக்கு முன் சுடப்பட்ட பறவையின் தலையா? அழுக்கு ஏற்றித் தேநீரில் ஊறவைத்துப் பழமையாக்குவது எளிது. ஆனால் அணுவை ஏமாற்ற முடியாது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியதால் காற்றில் கார்பன்-14 அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963 ஒப்பந்தத்துக்குப் பின் அது மெல்லக் குறைந்து வருகிறது. அந்தக் காற்றைத் தாவரம் எடுத்தது, பழத்தைப் பறவை தின்றது, இலையை யானை தின்றது. எனவே 1950-களின் நடுப்பகுதிக்குப் பின் வளர்ந்த தந்தத்திலும் கவசத்திலும் அந்தக் கூடுதல் கார்பன்-14 இருக்கும். எடோ காலப் பொருளில் இருக்காது. கடுகளவு தூள் போதும். எந்தக் கெட்ட நோக்கத்துக்கோ நடத்திய சோதனை யானைக்கும் பறவைக்கும் சாட்சியாக வந்து நிற்கிறது.

தந்தத்திலிருந்து டி.என்.ஏ எடுத்து, அது ஆப்பிரிக்காவின் எந்த வட்டாரத்து யானை என்றும் சொல்ல முடிகிறது. இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2022 ஜூலையில் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கொள்கலனில் மரக்கட்டைகளுக்கு நடுவே மறைத்து வந்த ஏறக்குறைய 6 டன் தந்தம் பிடிபட்டது. பாகான் டாலாம் சாலையில் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க எந்த நாட்டுச் சுங்கத்துறையாலும் முடியாது; அதனால்தான் அடையாளம் காணும் அறிவியலுக்கு இத்தனை மதிப்பு. தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இருவாச்சியின் தலையை வைத்திருப்பதே குற்றம். வீட்டில் யாராவது பழைய கவசமோ செதுக்கிய துண்டோ வைத்திருந்தால் இணையத்தில் படம் போட்டு விலை கேட்காதீர்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் பெரியவர்கள் மூலம் கேட்பதே முறை.

பினாங்கில் மரங்கள் அடர்ந்த இடங்களில் கறுப்பு வெள்ளை இருவாச்சியைப் பார்க்கலாம். அது சிறிய இனம், கவசம் திண்மமல்ல. அதன் அலகையும் புடைப்பையும் வரைந்து, பழம் தின்னும்போது எப்படி மேலே தூக்கிப் போட்டு விழுங்குகிறது என்று குறித்துவைத்துப் பழகுங்கள். தலைக்கவச இருவாச்சியைத் தேட வேண்டுமானால் பேராவின் வடக்கே பேலும் தெமெங்கோர் காட்டுக்குப் போக வேண்டும். மலேசியாவின் 10 இனங்களும் அங்கே உண்டு. கண்ணில் படுவது அரிது, காதில் விழலாம். முதலில் ஹூப் என்று ஒற்றைக் குரல், நீண்ட இடைவெளி, மறுபடி ஹூப். கோடரியால் மரத்தை வெட்டுவதுபோல் விட்டுவிட்டு வரும். இடைவெளி குறைந்துகொண்டே போய், கடைசியில் வெடித்த சிரிப்பாக முடியும். மாமியார் வீட்டுத் தூண்களை மருமகன் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்தானாம். அவன்தான் பறவையானான் என்பது மலாய்க்காரர் கதை. அதனால் பறவைக்கு தெபாங் மெந்துவா என்று பெயர்: மாமியார் வீட்டை வெட்டியவன். குரல் கேட்டால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, முதல் ஹூப்பிலிருந்து சிரிப்பு வரை எத்தனை வெட்டு என்று எண்ணுங்கள்.